தொட்டிக்கு ஒரு நியாயம்

மீனைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து வேடிக்கை பார்ப்பது ஜீவஹிம்சை என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லது. கருணை பெருகுவதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கருணை எந்த வாசலில் வந்து நிற்கிறது, எந்த வாசலைக் கண்டும் காணாமல் போகிறது என்று பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நான் கல்மண்டபத்துக்காரன். காசிமேட்டுத் துறைமுகம் எங்களுக்குப் பக்கம். விடியுமுன்பே ஐஸும் கூடையுமாக மீன் போகிற தெருவில், மூன்றடித் தொட்டி ஒன்றில் கொஞ்சம் செடிகளும், ஒரு டஜன் கப்பியும், விரற்கடை நீளம்கூட இல்லாத சிவப்பு இறால்களும் வைத்திருக்கிறேன். தெருவில் மீன் விற்க வரும் அம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இன்னா நைனா, துன்றதுக்கு ஒரு மீனு, பாக்கறதுக்கு ஒரு மீனா?”

நியாயமான கேள்வி. கருணைவாதிகளின் கேள்வியைவிட ஆயிரம் மடங்கு நேர்மையான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்: மீன் வளர்க்கிறவன் உண்மையில் வளர்ப்பது தண்ணீரைத்தான்.

புதிதாகத் தொட்டி வாங்குகிறவன் அன்றைக்கே மீனையும் வாங்கி வந்து விடுகிறான். வாரம் திரும்புவதற்குள் அது மல்லாந்து மிதக்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுகிறான். நடந்தது வேறு. மீன் மூச்சு விடும் செவுள் வழியாகவே அம்மோனியா வெளியேறுகிறது. அது மீனுக்கே விஷம். அந்த விஷத்தைத் தின்று நைட்ரைட்டாக்கவும், அதை மறுபடி தின்று அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கவும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மணலிலும் பஞ்சிலும் அவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மிச்சத்தைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். ரசாயனத்தில் நான் கெட்டிக்காரனல்ல; பரீட்சையில் தப்பித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் இதைத் தொட்டி எனக்குக் கற்றுக் கொடுத்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே என்று ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைத்துக் காத்திருக்கவும், செம்பு கலந்த மருந்து ஒரு சொட்டு விழுந்தால்கூட இறால் செத்துப்போகும் என்று பயப்படவும், வெயில் ஏறினால் தண்ணீரில் பிராணவாயு குறையும் என்று கணக்குப் பார்க்கவும் அதுதான் கற்றுக் கொடுத்தது. அம்மோனியா அளவைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் புட்டி விற்கிறார்கள். தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் நிம்மதி. பச்சை தட்டினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

இந்தத் தொட்டிக்குச் சட்டம் போட டில்லி ஒரு தடவை புறப்பட்டது. 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிகள் வெளியிட்டது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்றது. 158 வகை மீன்களைக் காட்டவும் விற்கவும் கூடாது என்றது. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, கடன் வாங்கி வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கிற கொளத்தூர்க் குடும்பங்கள் பதறிப் போயின. எதிர்ப்பு கிளம்பியது, சில மாதங்களில் விதிகளும் வாபஸாயின.

கிண்ணம் கூடாது என்றது சரி. அதை நானும் சொல்வேன். சுற்றிச் சுற்றி வரும் ஒரு தங்க மீனுக்கு இரண்டு செம்புத் தண்ணீர் போதும் என்று நினைப்பவன் முட்டாள், அல்லது கல்நெஞ்சன். ஆனால் அதே 2017-இல், அந்த விதிகளுக்கு நாலு மாதம் முன்னால், ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரியெண்ணெய் கரை முழுக்க ஒதுங்கியது. எர்ணாவூர்க் கரையில் அதை எப்படி அகற்றினார்கள், ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் வாளியால்! மனிதர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வாரினார்கள். விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற தேசத்தில் கடலைக் கழுவ வாளிதான் கிடைத்தது. கிண்ணத்து மீனுக்கு இரங்கிய பேனா அந்த வாளியைப் பார்க்கவில்லையா என்றுதான் கேட்கிறேன்.

இன்னும் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலிச் சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. வலையும் படகும் கறுத்துப் போய்க் கிடந்தன. அந்தக் கறுப்புக் காய்வதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்துக்கு எதிரே உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் கசிவு. கசிந்தது எது தெரியுமா? அம்மோனியா! எந்த விஷத்துக்குப் பயந்து நான் ஆறு வாரம் காத்திருக்கிறேனோ, அதே அம்மோனியா. மூச்சுத் திணறி ஜனங்கள் இருட்டில் தெருவில் ஓடினார்கள். மறுநாள் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 5. என் தொட்டியில் ஒன்று வந்தால் அடுத்த நிமிஷம் பாதித் தண்ணீரை மாற்றிவிடுவேன். கடலில் பாதித் தண்ணீரை யார் மாற்றுவது?

அந்த முகத்துவாரத்தில் தண்ணீருக்குள் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, இறாலைப் பிடித்து இடுப்பிலே கட்டிய பறியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர் வெள்ளை இறாலுக்கு ஒரு காலத்தில் இருந்த பெயரை எங்கள் பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து அந்தச் சேற்றின்மேல் படிந்திருக்கிறது. அங்கே இறால் குறைந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வரி எழுதாதவர், என் தொட்டியைச் சிறைச்சாலை என்கிறார்!

இதெல்லாம் சொல்வதால் தொட்டிக்காரர்களை நான் தப்பவிட்டு விடுவதாக எண்ண வேண்டாம். எங்கள் ஜாதியிலும் போலிகள் அநேகம். சுவரில் மாட்டிய படம் மாதிரி, சோபாவுக்குப் பொருத்தமான நிறத்தில் மீன் கேட்கிறவர் ஒருவகை. வாஸ்து மீன் என்று ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து, அது செத்தால் நமக்கு வந்த கண்டம் அதோடு போயிற்று என்று மகிழ்கிறவர் இன்னொரு வகை. தன் துர்ப்பாக்கியத்துக்கு ஒரு வாயில்லா ஜீவனைப் பலிகொடுக்கும் இந்த மனிதருக்குக் கோயிலில் கோழி வெட்டுகிறவனைக் கண்டால் மட்டும் அருவருப்பு!

எல்லாரையும்விட மோசம், ‘டேங்க் கிளீனர்’ வாங்குகிறவர்தான். பாசி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கட்டைவிரல் நீளத்தில் வாங்குகிறார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஜாதி அது, உடம்பெல்லாம் கவசம். ஒரு அடிக்கு மேல் வளர்ந்து நிற்கும்போது பயந்துபோய், கொல்ல மனம் வராமல், இருட்டியபின் ஏரியில் விட்டுவிட்டு வருகிறார். புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு. அது அங்கே பெருகி, கரையில் வளை தோண்டி, நம் கெண்டையோடும் கெளுத்தியோடும் இரைக்குப் போட்டியிட்டு, மீனவன் வலையைக் கிழிக்கிறது. வலைக்காரன் அதை விற்கவும் முடியாது, வாங்க ஆளில்லை. இவருடைய இளகிய மனசுக்கு அவன் அபராதம் கட்டுகிறான். டில்லிக்காரருக்கும் இவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடிக்குள் இருக்கும்வரைதான் இருவருக்கும் மீன். கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அது யாரோ, எவரோ.

கொளத்தூருக்கு ஞாயிற்றுக்கிழமை போகிற கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களில் பலர் வீட்டில் அந்தச் சொட்டு மருந்துப் புட்டியும், தெர்மாமீட்டரும் இருக்கின்றன. மஞ்சளுக்கும் பச்சைக்கும் அர்த்தம் தெரிந்த கண்களும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாமல் எண்ணூருக்கு வாருங்கள். காட்டுக்குப்பத்துப் படகுக்காரர்களிடம் சொன்னால் ஆற்றின் நடுவில் கொண்டுபோய் விடுவார்கள். வெந்நீர் வந்து கலக்கிற இடத்தையும் அவர்களே காட்டுவார்கள். ஒரு குப்பியில் மொண்டு, சொட்டு விட்டு, நிறம் பார்த்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் வாருங்கள்.