விமானியின் குடியும் பிரயாணியின் உயிரும்

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவருக்கும், பக்கத்துக் கிராமத்தில் கரும்பு வெட்டுகிறவருக்கும் ஆகாய விமானத்தோடு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளி மீனம்பாக்கத்தில் விமானம் ஏறித்தான் போகிறார். திருத்தணி பஸ்ஸில் டிரைவர் தள்ளாடினால் கூச்சல் போட்டு இறங்கிவிடலாம். 30,000 அடி உயரத்தில் இறங்க முடியுமா? விமானியின் முகத்தைக்கூடப் பிரயாணி பார்ப்பதில்லை. நம்பித்தான் உட்காருகிறார்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. நம் நாட்டில் புறப்படுமுன் 12 மணி நேரத்துக்குள் விமானி மது அருந்தக்கூடாது. சோதனைக் கருவியில் ஊதிக் காட்டவேண்டும். மாட்டிக்கொண்டால் முதல் தடவை 3 மாதம், இரண்டாம் தடவை 3 வருஷம் லைசென்ஸ் நிறுத்தம். மூன்றாம் தடவை ரத்து. இதை நாம் முழுமனதாக ஆதரிக்கிறோம். விமானியும் சம்பளத்துக்கு உழைப்பவர்தானே என்று குடிக்கு வக்காலத்து வாங்கமாட்டோம்.

ஆனால் பெரிய நாற்காலியைக் கண்டால் இந்தச் சட்டம் என்ன செய்கிறது?

ஏர் இந்தியா சர்க்கார் கம்பெனியாக இருந்த காலம். அதன் உயர் அதிகாரியும் விமானியுமான கேப்டன் அர்விந்த் கத்பாலியா 2017 ஜனவரியில் சோதனைக்கு ஊதாமலே விமானம் ஓட்டியதற்காக 3 மாதம் லைசென்ஸை இழந்தார். அதே வருஷம் அவரையே விமான இயக்கம் முழுவதற்கும் டைரக்டராகச் சர்க்கார் நியமித்தது! 2018 நவம்பர் 11-ல் டெல்லியிலிருந்து லண்டன் புறப்படுமுன் நடந்த சோதனையில் அவர் இரண்டு தடவையும் தேறவில்லை. முடிவை அவர் மறுத்தார். எனினும் லைசென்ஸ் 3 வருஷம் நிறுத்தப்பட்டது, பதவியும் போயிற்று. ஊதுகருவி தன் கடமையைச் செய்தது. பதவி கொடுத்தவர்கள் செய்தார்களா?

இன்னொரு சம்பவத்தையும் தோழர்கள் அறியவேண்டும். 1977 ஜனவரி 13-ல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் எழும்பியதுமே விழுந்தது. விமானச் சிப்பந்திகள் 3 பேரும், மாடுகளைக் கவனிக்க வந்த 2 பேரும் மாண்டனர். கேப்டன் குடிபோதையில் இருந்தார் என்று விசாரணை கண்டது. விமானத்தின்மேல் படிந்த பனியும் நிலைமையை மோசமாக்கியது. கேப்டனை அழைத்துவந்த டாக்சி டிரைவர் அவர் நிலையை முன்பே கண்டுகொண்டார். சேதி ஒப்பந்தக் கம்பெனி ஊழியருக்கும் போனது. விமானம் நிற்கவில்லை! கூட இருந்த விமானிகளும் கேப்டனைத் தடுக்கவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அன்று ஏறியிருந்தால் ஐந்து உயிர் பிழைத்திருக்கும். 'மிஷின் சரியில்லை' என்று சொல்லி, 'உன் வேலையைப் பார்' என்று மேஸ்திரியிடம் வசவு வாங்கிய மில் தொழிலாளிக்கு இது புரியும்.

குடி மட்டுமல்ல, தூக்கமின்மையும் விமானியின் கண்ணை மறைக்கும். விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக 2025-ல்தான் உயர்ந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், இரவு வேலை விதிகளைச் சர்க்கார் அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகமாகத் தளர்த்தியது. விமானியிடம் கறார், முதலாளியிடம் தாராளம்!

நாம் வற்புறுத்துவது இதுதான்: டைரக்டருக்கும் புது விமானிக்கும் ஒரே சோதனை, ஒரே தண்டனை வேண்டும். தவறைக் கண்டு சொல்லும் சிப்பந்திக்குப் பாதுகாப்பு வேண்டும். ஓய்வு விதிகள் லாபத்துக்காக வளையக்கூடாது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பாய்லர் அருகே நிற்கிறவரும் டிராக்டர் ஓட்டுகிறவரும் குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் சாவது பக்கத்திலிருக்கும் தோழர்தான். தோழன் தள்ளாடினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதிகாரி தள்ளாடினாலும் நிறுத்துங்கள்!