பின்னணியில் நடக்கும் வேலை: காத்திருப்பவருக்கு யார் பதில் சொல்வது?

2021 மே 26, நண்பகல் 12 மணி. அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிக்கான இரண்டாம் கட்ட முன்பதிவு தொடங்கியது. பலருக்கு அகப்பக்கம் திறக்கவில்லை. சிலருக்குப் பிழைச் செய்திதான் வந்தது. ஆனாலும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வேளையில் நிரம்பிவிட்டன. தடுப்பூசித் திட்டத்தின் ஒருங்கிணைப்பு அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார்.

அப்போது நான் கிள்ளானில் இடைநிலைப்பள்ளி மாணவி. இன்று கணினியியல் படிக்கும்போது அந்த நாளை வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

அதே காலத்தில் மைசெஜாத்ரா செயலியில் வேறு முறை இருந்தது. பதிவு செய்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். தடுப்பூசி போடும் நாளும் இடமும் பின்னர் வரும். காத்திருப்பு நீண்டதுதான். ஆனால் யாருடைய இணையம் வேகமானது என்ற போட்டி அதில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் எடுக்கும் அண்ணன், ரொட்டி சானாய் வேகும்வரை நம் மேசை அருகிலேயே நின்றால் அடுத்த மேசையை யார் கவனிப்பது? அவர் ஆர்டரைச் சொல்லிவிட்டு நகர்கிறார்; கல்லில் வேலை நடக்கிறது. இணையச் செயலிகளும் இப்படித்தான். கோரிக்கையை உடனே பெற்று ஒரு வரிசையில் சேர்க்கின்றன. நேரம் பிடிக்கும் வேலையைத் தனி நிரல் ஒன்று பின்னணியில் ஒவ்வொன்றாக முடிக்கிறது. பைத்தான் மொழியில் செலரி, ரூபியில் சைட்கிக் போன்ற கருவிகள் இதற்கென்றே உள்ளன. இணைய நெறிமுறையிலும் 202 என்ற குறியீடு உண்டு: ‘கோரிக்கையை ஏற்றுக்கொண்டோம், வேலை இன்னும் முடியவில்லை’ என்பது அதன் பொருள்.

இந்த இரண்டாவது பாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்தேன். ஒரு டியூஷன் மையத்துக்காக, மாணவர் சான்றிதழ்களைத் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பும் செயலியை எங்கள் குழு எழுதியது. முதலில் எல்லாம் ஒரே பொத்தானில் நடந்தது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆசிரியர் மறுபடியும் அழுத்தினார். பலருக்குச் சான்றிதழ் இருமுறை போனது. பிறகு வேலையைப் பின்னணிக்கு மாற்றினோம். பக்கம் நொடியில் திறந்தது, பெருமைப்பட்டோம். ஓர் இரவு பின்னணி நிரல் நின்றுபோனது. திரையிலோ ‘அனுப்பப்படுகிறது’ என்றே இருந்தது. மறுநாள் விண்ணப்பத்தோடு சான்றிதழை இணைக்க வேண்டிய மாணவி ஒருவர் அதை நம்பிக் காத்திருந்தார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்தோம். அதே எண் மறுபடியும் வந்தால் வேலை இருமுறை நடக்காது. தோற்ற வேலை தானாக மீண்டும் முயலும். அப்போதும் முடியாவிட்டால், ‘முடியவில்லை’ என்று திரையே சொல்லும்.

இன்று பல்கலைக்கழக விண்ணப்பம், கல்விக் கடன் என எல்லாமே இணையத்தில்தான். பின்னணிக்கு மாற்றுவதால் காத்திருப்பு மறைந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஆகவே, ஒரு சேவையை மதிப்பிடும்போது பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். ‘என் விண்ணப்பம் இப்போது எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அது உண்மையான பதில் தருகிறதா என்றும் பாருங்கள்.