தந்தை உயிரோடிருந்தால் குழந்தைக்கு உரிமை இல்லையா?

பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்ட முதிய தம்பதியருக்கே ஓய்வூதியம் என்ற கற்பிதத்தின் மீதுதான் இந்திய ஓய்வூதியச் சட்டங்கள் எழுப்பப்பட்டுள்ளன. உழைக்கும் மக்களின் வாழ்க்கை இந்தக் கணக்கிற்குள் அடங்குவதில்லை. நிலையான வேலை கிடைக்காததால் திருமணம் தள்ளிப்போகிறது. மறுமணமும் தத்தெடுப்பும் நிகழ்கின்றன. 45 வயதில் தந்தையாகும் தொழிலாளி 58 வயதில் ஓய்வு பெறும்போது, அவரது குழந்தைக்கு வயது 13 மட்டுமே.

இபிஎஸ்-95 எனப்படும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அந்தக் குடும்பத்திற்குக் கிடைப்பது என்ன? கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15 ஆண்டுகள் உழைத்தவருக்கு மாதம் 3,214 ரூபாய் வரும். கணவன், மனைவி, குழந்தை மூவரும் இதில்தான் வாழ வேண்டும். வேலை பறிபோய், 50 வயதுக்குப் பின் முன்கூட்டியே ஓய்வூதியம் கோரினால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டப்படும். குறைந்தபட்ச ஓய்வூதியமோ 2014 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அதே 1,000 ரூபாய்தான். அகவிலைப்படி கிடையாது.

இச்சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தை எப்போது தெரிகிறது? தந்தை இறந்த பிறகு! ஓய்வூதியர் இறந்தால் அவர் பெற்றதில் பாதி மனைவிக்கு. மனைவி பெறுவதில் கால் பங்கு, 25 வயது வரை குழந்தைக்கு. மேற்சொன்ன தொழிலாளியின் குழந்தைக்கு அது சுமார் 400 ரூபாய். தந்தை உயிரோடிருக்கும் வரை குழந்தையின் பெயரில் ஒரு காசும் இல்லை. பள்ளிக் கட்டணமும் பால் செலவும் சாவுக்காகக் காத்திருக்குமா?

இது நிறைவேற்ற முடியாத கனவல்ல. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஓய்வுபெற்ற தொழிலாளியின் மனைவிக்கும் இளம் பிள்ளைகளுக்கும் தனித் தொகை பெறும் உரிமையை வழங்கியது. இன்று அங்கே 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, குடும்ப உச்சவரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியரின் முழுத் தொகையில் பாதி வரை தரப்படுகிறது. அதற்கு ஓய்வூதியர் இறந்திருக்க வேண்டியதில்லை.

அமைப்புசாராத் தொழிலாளர் நிலை இதனினும் கொடிது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 2006 முதல் அது உயரவே இல்லை. பேரக்குழந்தையை வளர்க்கும் தம்பதியர் இருவருக்கும் அது கிடைத்தாலும், ஒன்றிய அரசின் பங்கு நாளொன்றுக்கு 14 ரூபாயைத் தொடாது.

மோடி அரசு குழந்தைகளை அறவே மறந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் 'என்பிஎஸ் வாத்சல்யா' திட்டத்தைத் தொடங்கியது. குழந்தையின் எதிர்கால முதுமைக்காகப் பெற்றோர் இன்றே பணம் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். தொடக்கத்தில் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். அதாவது, இபிஎஸ் ஓய்வூதியரின் ஒரு மாதக் குறைந்தபட்ச ஓய்வூதியம்! இன்றைய குழந்தைக்கு அரசு பொறுப்பேற்காது. ஆனால் அதன் பெயரில் திரட்டப்படும் சேமிப்பு மட்டும் நிதிச் சந்தைக்கு வேண்டும். நவதாராளமயத்தின் வாத்சல்யம் இதுதான்.

குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 9,000 ரூபாயாக உயர்த்த வேண்டும் என மத்தியத் தொழிற்சங்கங்கள் கோருகின்றன. அத்துடன், ஓய்வூதியர் வாழும் காலத்திலேயே அவரைச் சார்ந்த குழந்தைக்குத் தனித் தொகை என்ற கோரிக்கையும் இணைந்து ஒலிக்க வேண்டும். உடனடிப் பணி ஒன்றும் உண்டு. ஓய்வூதியம் கோரும் 10-டி படிவத்தை நிரப்புவோருக்குத் தோழர்கள் துணைநின்று, குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கும் சொற்ப உரிமையைக் காப்பதிலிருந்தே, மறுக்கப்பட்ட உரிமைக்கான போராட்டம் வலுப்பெறும்.