ஜெயிக்கிறவன் யாருடைய ஆள்?

மாரியம்மன் பண்டிகையானாலும் சரி, மாட்டுச் சந்தையானாலும் சரி, கூட்டம் கூடுகிற இடத்தில் ஓரமாகத் துணியை விரித்து மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறவனைப் பார்க்காத தொழிலாளி இருக்க முடியாது. "ராணி எங்கே? வைத்தால் இரட்டிப்பு!" என்கிறான். நூறு வைத்தவன் இருநூறு வாங்கிக்கொண்டு போகிறான். அன்றுதான் கூலி வாங்கிய நம் தோழனுக்குக் கை துறுதுறுக்கிறது.

இதன் சூட்சுமம் என்ன? மந்திரமுமில்லை, மாயமுமில்லை. அவன் ஒரு கையில் இரண்டு சீட்டுகளை மேலும் கீழுமாகப் பிடித்திருக்கிறான். அடிச்சீட்டு ராணி என்று நமக்கு நன்றாகக் காட்டுகிறான். கையை வீசும்போது அடிச்சீட்டு விழுந்ததாகக் கண் நம்புகிறது, விழுந்ததோ மேற்சீட்டு. இத்துடன் விட்டானா? வெற்றிலை துப்பத் திரும்புகிறான். பக்கத்தில் நிற்பவன் ராணியின் முனையை லேசாக மடக்கிவிட்டு நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறான். ஆஹா, ஏமாற்றுகிறவனையே ஏமாற்றிவிடலாம் என்று மடியை அவிழ்க்கிறோம்! அடுத்த வீச்சில் அந்த முனை நிமிர்ந்து வேறொரு சீட்டின் முனை மடங்கியிருக்கும். கண் சிமிட்டியவன் அவன் ஆள். முன்பு ஜெயித்தவனும் அவன் ஆள். தகராறு என்றதும் "போலீஸ் வருது" என்று கூவிக் கூட்டத்தைக் கலைப்பவனும் அவன் ஆளே.

துணி விரிப்பவன் பறிப்பது ஒரு நாள் கூலி, மிஞ்சினால் ஒரு வாரக் கூலி. போர்டு மாட்டி மேஜை நாற்காலி போட்டு உட்காருபவன் பறிப்பது ஆயுள் சேமிப்பு. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வியாபாரம் 2012-ல் கவிழ்ந்ததே, அதை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை லட்சம் கட்டினால் 6 குஞ்சு, தீவனம், கொட்டகை, மாதம் 6,000 ரூபாய்! 25 மாதத்தில் போட்ட முதலே திரும்பிவிடுமாம். சினிமா நட்சத்திரங்கள் வந்து விளம்பரம் செய்தார்கள். ஆனால் அந்தக் கோழியை வாங்கித் தின்றவன் யார்? சந்தையில் அதற்கு ஏது கிராக்கி? புதிதாகப் பணம் கட்டியவனின் காசே பழையவனுக்கு மாதப் படியாகப் போயிற்று. புதியவன் வருவது குறைந்ததும் கதவு மூடியது. பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கடைசியில் சர்க்கார் தீவனம் போட வேண்டியதாயிற்று.

சீட்டு வித்தையைவிட இது கொடியது. அங்கே ஜெயிக்கிறவன் கூலிக்கு நடிக்கிறான். இங்கே ஜெயிக்கிறவன் நம் மைத்துனன், நம் பக்கத்துத் தறிக்காரன். "எனக்கு மாதா மாதம் வருகிறது" என்று அவன் சொல்வது சத்தியம். அவனை அறியாமலே அவனை ஆள் பிடிக்கும் தரகனாக்கி விடுகிறார்கள்.

"பேராசை, பட்டான்" என்று சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. மகள் கல்யாணத்துக்குக் கடன் தர எந்த பாங்கு தொழிலாளியைக் கூப்பிடுகிறது? கந்துவட்டிக்காரன் வாசலிலிருந்து தப்ப வழி தேடுகிறவனைத்தான் இந்தப் பேர்வழிகள் குறி வைக்கிறார்கள். சம்பள தினமும் தீபாவளி போனஸும் அவர்களுக்கு மனப்பாடம்.

ஆகவே சீட்டுக் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவானதா? பதிவான சீட்டென்றால், நடத்துகிறவன் சீட்டுத் தொகைக்கு ஈடான ஜாமீன் கட்டியிருக்க வேண்டும். ஒப்பந்த நகலை உங்களிடம் தர வேண்டும். "நமக்குள்ளே எதற்கய்யா காகிதம்?" என்பவனிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். நம் வெட்கம்தான் அவனுக்குக் கேடயம். முதலீட்டாளர்களின் பணத்தைப் பாதுகாக்க 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதன்படி மோசடிக் கம்பெனியின் சொத்தை முடக்கலாம். ரசீதுகளை எடுத்துக்கொண்டு, பணம் கட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் எழுதுங்கள். தனியாகப் போகிறவனை அலைய வைப்பார்கள். ஐம்பது பேர் போனால் நாற்காலி போடுவார்கள். இதற்கிடையே ஓர் இரவு ஏஜெண்டு வீட்டுக்கு வந்து, பாதிப் பணத்தை நீட்டி, "அசல் பத்திரத்தைக் கொடுங்கள், மீதி அடுத்த மாதம்" என்று குழைவான். பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.