வேட்டையைக் கெடுத்தவர்கள் நாங்களே!

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நாள்முதல், ஆசிரியர் அறையிலும் உறவினர் இல்லங்களிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "வேட்டையைப் பார்த்தீங்களா சார்?"

பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல், அதனைக் கெடுத்துவிட்டும் வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அங்கே புறப்படவிருக்கும் பெற்றோர் சிலர் என்னிடம் யோசனை கேட்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2025 செப்டம்பர்ப் பள்ளி விடுமுறையில், நண்பர்கள் அறுவர் கென்யாவிலுள்ள மாசாய் மாரா காப்பகத்திற்குச் சென்றோம். ஏறத்தாழ 1,510 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய புல்வெளி அது. ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பருவத்தில், வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக்கட்டணம் மட்டுமே 200 அமெரிக்க டாலர். இத்தனை பணம் கட்டியவன் சும்மா இருப்பானா? முதல் நாள் காலையிலேயே, "வேட்டையைக் காட்டினால் தனியாகக் கவனித்துக்கொள்கிறோம்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டோம். 'சொல்லிவிட்டோம்' என்று பன்மையில் எழுதி ஒளிந்துகொள்வானேன்? சொன்னவன் நான்தான்.

இரண்டாம் நாள் காலை, வண்டியிலிருந்த வானொலிக் கருவியில் 'தூமா' என்ற சொல் கேட்டது. சுவாஹிலி மொழியில் அது சிவிங்கிப்புலியைக் குறிக்கும். நாம் 'சீத்தா' என்கிறோமே, அதுதான். எங்கள் வண்டி பாய்ந்தது. எங்களைப் போலவே அச்சொல்லைக் கேட்ட மற்ற வண்டிகளும் பாய்ந்தன. பத்து நிமிடத்தில் நான் எண்ணியவை இருபத்து மூன்று.

ஒரு தாய், மூன்று குட்டிகள். தொலைவில் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் வயிறு தரையில் உரச, ஓரடி வைப்பதும் உறைந்து நிற்பதுமாக முன்னேறியது. சிவிங்கியின் ஆற்றல் ஓட்டத்தில் இருப்பதாகவே நாம் படித்திருக்கிறோம். அப்படியே கற்பித்தும் வருகிறோம். நிலத்தில் அதனை விஞ்சும் ஓட்டக்காரன் இல்லை என்பது மெய்யே. ஆனால், அந்த வேகத்தை அதனால் சில நூறு மீட்டருக்கு மேல் தாங்க முடியாது. ஆகவே, ஓடுவதற்கு முன் மானுக்கு எவ்வளவு அருகில் பதுங்கிச் செல்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கு உணவு கிடைக்கும். அந்தப் பதுங்கல்தான் அதன் பிழைப்பு.

அந்தப் பிழைப்பின் குறுக்கே ஒரு வெள்ளை வேன் புகுந்தது. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க!" என்று நாங்களும் கத்தினோம், எங்கள் வண்டியும் புகுந்தது. மான்கள் தலைநிமிர்ந்தன. அடுத்த நொடி அங்கே ஒன்றுகூட இல்லை. தாய் எழுந்து நின்று சற்று நேரம் பார்த்தது. குட்டிகள் அதனருகே வந்து படுத்துக்கொண்டன.

"சே! அந்த மான் இன்னும் அரை நிமிஷம் பொறுத்திருக்கலாம்" என்றார் எங்களில் ஒருவர். மான் பொறுத்திருக்க வேண்டுமாம்!

'ஒரு வேட்டை தவறினால் என்ன, மாலையில் வேறொன்று கிடைக்காதா' என்று கேட்பீர்கள். சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடுபவை. அவற்றிடம் இரையைப் பறிகொடுக்காதிருக்கவே சிவிங்கி பெரிதும் பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும், வேட்டையாடுகிறது. சுற்றுலா வண்டிகள் புறப்படுவதும் அதே காலையிலும் மாலையிலும்தான். மாராவில் சிவிங்கிகளை ஆராய்ந்த ஃபெம்கே ப்ரூக்ஹைஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். சுற்றுலா வண்டிகள் குறைந்த பகுதியில், ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் பிழைத்து வளர்ந்து தனித்து வாழும் பருவத்தை எட்டுகின்றன. வண்டிகள் மிகுந்த பகுதியிலோ 0.2. அதாவது, ஐந்து முறை ஈன்றால் ஒரே ஒரு குட்டி! இந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமே. உலகிலேயே வளர்ந்த சிவிங்கிகள் ஏறத்தாழ 6,500தான் எஞ்சியுள்ளன என்பது மதிப்பீடு.

விதிகள் இல்லாமல் இல்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. 'ஓட்டுநர்கள் மீறுகிறார்களே' என்று பழியை அவர்கள்மேல் போடுவது எளிது. அவர்கள் எதற்காக மீறுகிறார்கள்? நாம் நீட்டும் பணத்துக்காகத்தானே! 2025 ஜூலையில், தான்சானியாவின் செரங்கெட்டியில் சுற்றுப்பயணிகள் வண்டியை விட்டிறங்கி ஆற்றங்கரையை மறித்து நிற்க, நீரைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் மாடுகள் வழியின்றித் தடுமாறிய காணொளி பரவியது. அங்கே கரையில் நின்றவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமா?

சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் காடே இருக்காது என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மாராவை ஒட்டி நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற பகுதிகளில், மாசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, படுக்கைகளின் எண்ணிக்கையையும் வண்டிகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியே சுற்றுலா நடத்துகிறார்கள். நில உரிமையாளர்களுக்குக் குத்தகைப் பணமும் போகிறது. எனவே, பணத்தைக் காட்டி இருபத்து மூன்று வண்டிகளுக்கு நியாயம் தேடாதீர்கள்.

இனி, நம் வகுப்பறைக்கு வருகிறேன். புலி, சிங்கம், கழுதைப்புலி என்றாலே 'கொடிய விலங்கு' என்று கரும்பலகையில் எழுதிப் பழகிய கை என்னுடையது. பசித்த குட்டிகளுக்காக மானைத் துரத்துவதில் கொடுமை எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லை நான் இனி எழுதப்போவதில்லை. சக ஆசிரியர்களும் எழுத வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இந்நிகழ்வைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "அப்புறம் அந்தக் குட்டிங்க சாப்பிட்டுச்சா சார்?" பெரியவர்கள் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்குத் தெரியவில்லை. வேறோரிடத்தில் சிங்கம் என்று வானொலியில் சொன்னார்கள். நாங்கள் அங்கே போய்விட்டோம்.

புறப்படவிருக்கும் பெற்றோர்களே, வண்டியில் ஏறியவுடன் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: ஐந்து வண்டிகள் முன்னரே நின்றால் நாங்கள் போக வேண்டாம், தொலைவிலேயே நிறுத்துங்கள், தொலைநோக்கியில் பார்த்துக்கொள்கிறோம், வேட்டை கிடைக்காவிட்டாலும் உங்களுக்குரிய அன்பளிப்பு குறையாது. பிள்ளைகளின் காதில் விழும்படியாகவே சொல்லுங்கள்.