கண்ணாடிக்கு அப்பால்

கடந்த காலத்தை எண்ணி உருகுதல் மனித இயல்பு. நம்மவர் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் வெள்ளையர் காலத்துத் தேநீர்ச் சாலைகள் ஒரு பொற்காலத்தின் சின்னங்களாகப் போற்றப்படுவதைக் காண்கிறேன். வெண்ணிற மேசை விரிப்பு, பூவேலை செய்த கோப்பையும் பீரிசும், கேக்கின் நறுமணம் ஆகியவற்றைப் படிக்கையில் என் உள்ளமும் நெகிழவே செய்கிறது. ஆயினும் அந்த நெகிழ்ச்சியை முற்றாக நம்பிவிட என்னால் இயலவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே வளர்ந்தவன் நான். அத்தகைய சாலை ஒன்றை நன்கு அறிவேன். ஆனால் வெளியிலிருந்தே அறிவேன்.

என் தந்தையார் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் இலிகிதராக இருந்தார். சம்பளம் கிடைத்தபின் வரும் ஞாயிறு மாலையில் எங்களை உலாவ அழைத்துச் செல்வார். பிரடெரிக் கோட்டையினுள் மான்களைப் பார்ப்போம். கோணேசர் மலையில் நின்று கடலை வணங்குவோம். பின்னர் உள்துறைமுகத்திற்கு நடந்து சென்று சாம்பல் நிறப் போர்க்கப்பல்களை எண்ணுவோம். திரும்பும் வழியில்தான் அந்தத் தேநீர்ச் சாலை இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் அமர்ந்திருப்பர்.

"அப்பா, நாங்களும் உள்ளே போவோமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எங்களுக்கில்லை, தம்பி" என்றார்.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. 'உள்ளே வரலாகாது' என்ற பலகை எதுவும் அங்கே தொங்கவில்லை. தொங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்களுக்குரியது அடுத்த தெருவிலிருந்த தேத்தண்ணிக் கடை. மூதூருக்குப் போகவிருந்த முஸ்லிம் வியாபாரியும், சிங்கள மீனவரும், துறைமுகத் தொழிலாளியும் அமர்ந்திருந்த அதே வாங்கில் நாங்களும் அமர்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி சாயத் தேத்தண்ணி குடித்தோம்.

தேநீர்ச் சாலை பிறந்த கதையைப் பிற்காலத்தில் படித்தபோது வியப்படைந்தேன். இலண்டனில் ஏ.பி.சி. என்னும் ரொட்டிக் கம்பனி 1864 இல் தேநீர்ச் சாலை நடத்தத் தொடங்கியது. 1894 இல் லயன்ஸ் கம்பனி பிக்காடிலியில் தன் முதற் சாலையைத் திறந்தது. குறைந்த விலையில் துப்புரவான இடத்தில் அமர்ந்து அருந்த விரும்பிய இலிகிதர்களும் கடைகளில் வேலை செய்த பெண்களும் அவற்றை நாடினர். ஆண் துணையின்றி ஒரு பெண் கௌரவமாக உட்காரக்கூடிய பொதுவிடங்கள் அரிதாயிருந்த காலம் அது. வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் அத்தகைய சாலைகளிற் கூடிப் பேசினர். இலண்டனில் இலிகிதனுக்குத் திறந்திருந்த கதவு, திருகோணமலையில் இலிகிதனுக்கு மூடிக் கிடந்தது!

அந்தக் கோப்பையில் இருந்த தேயிலையோ நம் மலையகத்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் மலையெங்கும் பரவிய தோட்டங்களிற் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அவர்தம் மக்களுமே. நாங்களாவது ஒரு கடையின் வெளியே நின்றோம். அவர்களுட் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. கப்பல்கள் போயின, தேநீர்ச் சாலையும் மூடப்பட்டது, தந்தையார் வேறு வேலை தேடிக் கொழும்பு சென்றார். முதுமையில் ஒருநாள் அவர், "அந்தக் கேக்கின் மணம் இப்போது எங்கே இருக்கிறது!" என்று பெருமூச்செறிந்தார். ஒருமுறையேனும் கால்வைக்காத இடத்திற்காக ஏங்குகிறாரே என்று எனக்குக் கோபமே வந்தது. பதிலேதும் கூறாமல் எழுந்து போய்விட்டேன். அச்செயலுக்காக இன்று வருந்துகிறேன். அவர் ஏங்கியது வெள்ளையனுக்காக அன்று. கப்பல்கள் நிறைந்த துறைமுகத்திற்காகவும், கையிற் சம்பளத்தோடு பிள்ளைகளை அழைத்துச் சென்ற தம் இளமைக்காகவுமே ஏங்கினார். அதை அவரிடம் கேட்டறியும் வாய்ப்பை நானே இழந்தேன்.

ஆதலால் பழமையை நினைப்பவரை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால் நினைவை எழுதுவோர்க்கு ஒரு கடமை உண்டு. கோப்பையின் அழகை வருணிப்பதற்கு முன், தாம் கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் நின்று அதைக் கண்டனர் என்பதைச் சொல்லவேண்டும். அதை மறைத்தால் பிறருடைய நினைவையே நம்முடையதென்று பாடியவர்களாவோம்.

துறைமுகத்தில் உழைத்த தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது. திருகோணமலையின் ஆசிரியர்களும் மாணவர்களும் உவர்மலையிலும் உள்துறைமுக வீதியிலும் வாழும் முதியோரிடம் சென்று கேட்கட்டும்: மேசையில் அமர்ந்தவர் யார், பரிமாறியவர் யார், வெளியே நின்றவர் யார் என்று. விடைகளை அவர்தம் சொற்களிலேயே எழுதிவைக்கட்டும். அவர்கள் பெருமூச்செறிந்தால், என்னைப்போல் எழுந்து போய்விடாதிருக்கட்டும்.