கேட்டால் மட்டும் போதாது!

பள்ளிப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கத்தைப் பற்றியும், மனவேதனையைப் பற்றியும், தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் கேள்வி கேட்கலாமா? "கேட்டால் கெட்டுப் போவார்கள்" என்று ஒரு கூச்சல் எல்லா நாட்டிலும் கேட்கிறது. இந்தக் கூச்சலில் உண்மை இல்லை. நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடையே நடந்த ஆய்வு 2005ல் வெளிவந்தது. தற்கொலை பற்றிக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனம் உடைந்திருந்தவர்களுக்கு வேதனை சற்றுக் குறைந்தே காணப்பட்டது.

பிள்ளைகள் பொய் சொல்வார்களே என்பார்கள். ஐரோப்பிய மாணவர் கணக்கெடுப்பிலே இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். போதை மருந்துகளின் பட்டியலில் 'ரெலெவின்' என்று உலகத்திலேயே இல்லாத ஒரு மருந்தையும் சேர்த்தார்கள். அதையும் சாப்பிட்டேன் என்று எழுதுகிற வீரனின் காகிதம் அகப்பட்டுக் கொள்ளும்! ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், காகிதத்தில் பெயர் இருக்கக் கூடாது. மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டு "உனக்கு என்ன குறை?" என்று கேட்டால் எந்தத் தொழிலாளி வாயைத் திறப்பான்?

அமெரிக்க அரசு 1991 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இப்படிக் கேட்டு வந்திருக்கிறது. 2021ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 100க்கு 42 பேர், நம்பிக்கையிழந்து நீண்ட துயரத்தில் இருந்ததாகப் பதில் எழுதினார்கள். மாணவிகளில் மட்டும் 57 பேர். இதற்குப் பிறகு நடந்தது என்ன? 2022ல் புளோரிடா மாநிலம் கணக்கெடுப்பிலிருந்தே விலகிக் கொண்டது. 2025 ஜனவரி முடிவில் மத்திய அரசே இந்தப் புள்ளிவிவரங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் திரும்ப வைத்தது. கணக்கை ஒளித்தால் பிள்ளையின் துயரம் ஒளிந்துவிடுமா?

ஐஸ்லாந்து வேறு வழியில் போயிற்று. 4 லட்சம் பேர்கூட இல்லாத தீவு. 15, 16 வயதுப் பிள்ளைகளில், முந்தின ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்தவர்கள் 1998ல் 100க்கு 42 பேர். 2016ல் 5 பேர். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 பேரிலிருந்து 3 பேராகக் குறைந்தார்கள். அங்கே பதில்கள் அலமாரியில் தூங்கவில்லை. அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் திரும்பி வந்தன. பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். 20 வயதுக்குள் மது விற்கத் தடை இருந்தது. அதனால் மட்டும் இது நடந்துவிடவில்லை என்பது நம் கருத்து. தலைநகரான ரெய்க்யவிக்கில் பந்தாட்டத்துக்கும் பாட்டுக்கும் கட்டணம் கட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் நகராட்சி பணம் கொடுத்தது. கூலிக்காரன் பிள்ளைக்கும் சாயங்காலத்தில் போக ஓரிடம் கிடைத்தது.

நம் நாட்டிலும் 2022ல் தேசிய கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பெயர் எழுதுவதைக் கட்டாயமாக்காமல், சுமார் 3 லட்சத்து 79 ஆயிரம் மாணவர்களிடம் கேட்டது. 100க்கு 81 பேர் படிப்பு, பரீட்சை, அதன் முடிவு இவற்றையே பதற்றத்துக்குக் காரணமாகச் சொன்னார்கள். சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டாமா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலித் தாயும் அங்கே போய்க் கேட்க வேண்டும்: எங்கள் பள்ளிக்கு மனநல ஆலோசகர் எப்போது வருவார்? விளையாட ஆசிரியரும் மைதானமும் எங்கே? அடுத்த கணக்கெடுப்பின் முடிவை எங்கள் கூட்டத்தில், எங்களுக்குப் புரியும் தமிழில், எந்தத் தேதியில் படித்துக் காட்டுவீர்கள்?